கூடத்துக்கு ஒரே கதவு

மனோகரன்தான், வேறு யார், அந்தக் கதவில் கை வைக்க வேறு யாருக்குத் துணிச்சல் வரும், இருபது வருஷமாகப் பொதுப்பணி இலாகாவில் குப்பை கொட்டுகிற இவருக்கு எந்தக் கை எங்கே நீளும் என்று தெரியாதா என்ன... பரஞ்சோதி சைக்கிளை மிதித்தபடி இதையே மனசுக்குள் அரைத்துக்கொண்டிருந்தார். நேற்று ஆணி கேட்டு சுங்கைப்பட்டாணி ஆபீசுக்கு வந்த முனியாண்டி ஆசாரி, கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் புதிதாக எழும்பியிருக்கும் தொழிலாளர் கூடத்துக்கு மர வேலை செய்கிறவன், வாசலில் நின்று வெற்றிலையைத் துப்பிவிட்டு, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். "கதவு மாட்டியாச்சுண்ணே. உள்ளுக்குத் தாப்பாளு இல்ல. வெளியதான் ரெண்டு பக்கமும் இரும்புக் கொண்டி, குறுக்க போட ஒரு கட்டை. பிளான்ல அப்படித்தான் இருக்கு. நீங்க போட்ட பிளான்தானே?" இவர், பார்க்கிறேன் என்று மென்று விழுங்கினார். வெளியே கட்டை போட்டுப் பூட்டுவது நெல் கிடங்குக்கு, மாட்டுக் கொட்டகைக்கு. மனிதர்கள் கூடுகிற இடத்துக்கா? இவர் பென்சிலில் போட்டது உள்தாழ்ப்பாள், சத்தியமாக உள்தாழ்ப்பாள், அதற்குப் பிறகு படத்தைத் தொட்டவன் ஒரே ஒருவன், பென்சில் படத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து மையால் நகல் எடுத்த டிரேசர் மனோகரன். தப்பு அவன் செய்வான், பழி கீழே கையெழுத்துப் போட்டவன் தலையில் விழும். நாற்காலி காலியாகும். இன்றைக்கு நாலு மணிக்குத் திறப்பு விழா, இலவசப் படக்காட்சி வேறு, பெரிய ஜப்பான்காரர்கள் வந்து இளிப்பதற்கு முன்னால் போய் மூலப்படத்தைக் காட்டிக் கொண்டியை உள்ளே மாட்டச் சொல்லிவிட்டால் மானம் தப்பும்.

சைக்கிளுக்கு டயர் என்று பெயர்தான், டியூபுக்குப் பதிலாகத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை வெட்டி உள்ளே திணித்திருந்தது, ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து கணக்குக் கேட்டது. சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர் மரம், கண்ணுக்கு எட்டிய மட்டும் ரப்பர் மரம், ஆனால் ஒரு சைக்கிளுக்கு டியூப் இல்லை, இதைச் சொல்லிச் சிரிக்கக்கூட இன்றைக்கு ஆள் கிடையாது, சிரித்தவன் யாரிடம் போய் எதைச் சொல்வானோ. பின்னால் ஒருவன் காக்கிச் சட்டையில் வந்துகொண்டிருக்கிறானே, பள்ளிவாசல் திருப்பத்திலும் அவன்தான் நின்றானா? பரஞ்சோதி வேகத்தைக் குறைத்தார், அவனும் குறைத்தான், இல்லை, அவனுக்கு அங்கே மேடு. காலையில் நவமணி, கட்டிய மனைவி, "எங்க போறீங்க, எப்ப வருவீங்க" என்று கேட்டதற்கே இவருக்குச் சுருக்கென்றது. எதற்குக் கேட்கிறாள், பக்கத்து வீட்டுக்காரி கேட்கச் சொன்னாளா... சீச்சீ, பெண்டாட்டி கேட்காமல் யார் கேட்பார்கள். ஆனாலும் ஜாக்கிரதையாக இருப்பதில் தப்பில்லை, ஜாக்கிரதையாக இருந்ததால்தான் இந்த ஒன்றரை வருஷமும் ஜப்பான் ராணுவப் போலீஸ் கெம்பித்தாயின் வாசல்படி மிதிக்காமல் ஓடியிருக்கிறது. சித்திரையில், அந்த எஸ்டேட்டிலேயே இருக்கிற தங்கை மருதம்மாள் வீட்டுக்குப் போனபோது என்ன பார்த்தார், சுவர்க் கடிகாரம் இன்னும் வெள்ளைக்காரன் காலத்து மணியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது! ஊர் முழுக்கத் தோக்கியோ நேரம், ஒன்றரை மணி முன்னால், இவள் மட்டும் பழைய பெருமை பேசிக்கொண்டிருக்கிறாள். லயத்து வரிசை வீடுகளில் அடுத்த கதவுக்காரன் ஒரு மாதிரி ஆள், கண்ணை உருட்டி உருட்டிப் பார்க்கிறவன். "என்னாண்ணே நீ, கடிகாரத்தப் பாத்தா ஆளப் புடிப்பானுங்க" என்று சிரித்தாள் அவள். பிடிப்பார்கள்லா, எதற்கு வேண்டுமானாலும் பிடிப்பார்கள், என்று சொல்லி நாற்காலி போட்டு ஏறி இவரே முள்ளைத் திருப்பிவிட்டுத்தான் இறங்கினார்.

மருதம்மாள் இன்றைக்கு வருவாள். புருஷன் வீரசாமியையும் மகள் வாசுகியையும் கூட்டிக்கொண்டு கூடத்தில் முன்வரிசையில் உட்காரு, உன் அண்ணன் கட்டினது, என்று சொல்லி அனுப்பியதே இவர்தான். ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டுகிற வீரசாமிதான் வரத் தயங்கி இழுத்தான். போன வாரம் சொல்லப் போனபோது தலையைச் சொறிந்துகொண்டு, "மச்சான், சயாமுக்கு ரயிலு போட ஜப்பான்காரன் லோரில ஏத்திட்டுப் போனவனுங்க ஒருத்தனும் கடுதாசி போடலயே... கூட்டம் சேர்ற எடத்துக்கே பயமா இருக்குலா" என்றான். பயந்தாங்கொள்ளி. "எலே, இது சர்க்கார் கட்டடம்லா. நான் போட்ட பிளான். என்னைய மீறி அங்க என்னா நடந்துறப் போவுது?" என்று இவர் அதட்டிய அதட்டலில் மருதம்மாளுக்கு முகம் மலர்ந்துபோனது. அவள் முகத்துக்காகவாவது அந்தக் கொண்டியைப் பிடுங்கி எறிய வேண்டும். முனியாண்டி லயம் முழுக்க, பரஞ்சோதிக்குக் கதவுக்கு உள்ளே எது வெளியே எது என்று தெரியவில்லை என்று சொல்லிச் சிரித்தால், அது அவள் காதில் விழுந்தால்...

கதவு தெரியாதாம் பரஞ்சோதிக்கு! அதே எஸ்டேட்டின் தச்சன் மகன், பதினேழு வயதில் துரையின் சிபாரிசுச் சீட்டோடு டிரேசராக நுழைந்தவன், ஆறு வருஷம் அடுத்தவன் கோட்டின் மேல் கோடு போட்டு, பிறகு தானே படம் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன். பெண்டாங்கில் அந்தக் காவல் நிலையம் யாருடையது? செர்டாங் மருத்துவமனையின் காற்றோட்டமான புது வார்டு? மழைச்சாரல் படுக்கையில் விழாமல் கூரையை நாலடி இழுத்துவிட்டது யார் மூளை? எல்லாம் இவருடையது. ஆனால் ஒவ்வொரு படத்திலும் வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டி இருக்குமே, வரைந்தவர், நகலெடுத்தவர், சரிபார்த்தவர், ஆர்க்கிடெக்ட் என்று நாலு கட்டம், அதில் முதல் கட்டத்தோடு இவர் நின்றுவிட வேண்டும். நாலாவது கட்டத்தில் வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில், படத்தை நேராகப் பிடித்திருக்கிறோமா என்றுகூடப் பார்க்காமல் கிறுக்கிவிட்டுப் போவான். பன்னிரண்டு வருஷம் அந்த நாலாவது கட்டத்தைப் பார்த்துப் பார்த்து இவருக்கு வயிறு எரிந்தது, எரிந்ததை யாரிடமும் சொன்னதில்லை. அப்புறம் குண்டு விழுந்தது, துரைகள் தெற்கே ஓடினார்கள், மேசையில் பாதி குடித்த தேநீர் அப்படியே இருந்தது. ஹிராத்தா என்கிற ஜப்பான் அதிகாரி வந்து உட்கார்ந்தான். அவன் நல்லவனா கெட்டவனா என்று இந்த நிமிஷம் வரை இவருக்குப் பிடிபடவில்லை. கத்த மாட்டான், அறைய மாட்டான், அரைகுறை மலாயில் மெதுவாகப் பேசுவான், அதுவே இவருக்கு நடுக்கமாக இருந்தது, அறைகிறவனாவது என்ன நினைக்கிறான் என்று தெரியும்.

கூடம் வேண்டும் என்றான் ஹிராத்தா, தொழிலாளர்களுக்கு, படம் காட்ட, இருநூறு பேர். பரஞ்சோதி ஆசையாகப் போட்டார், எஸ்டேட்டு ஜனங்களுக்கு இப்படி ஒன்று யார் கட்டித் தந்தார்கள், நீளவாக்கில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கதவு, இடுப்பு உயரத்தில் சன்னல். ஹிராத்தா சிவப்புப் பென்சிலை எடுத்தான். படம் ஓட இருட்டு வேண்டும், சன்னலை எட்டடிக்கு மேலே தூக்கு. நியாயம்தானே? அடுத்த வாரம் மூன்று கதவுகளின் மேல் குறுக்குக் கோடு. "காயு தாடா" என்றான், மரம் இல்லையாம். யுத்த காலம், மரம் இல்லைதான், முனியாண்டியும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். கூட்டம் கூடும் இடத்துக்குக் குறைந்தது இரண்டு கதவாவது வேண்டும், நெருப்புப் பிடித்தால் என்ன செய்வது, என்று இவர் சொல்லத்தான் செய்தார், சொல்லாமல் இல்லை, ஒரு தடவை சொன்னார். ஹிராத்தா சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தான். பிறகு சிரித்தான். இந்தப் படத்தில் நாலாவது கட்டத்தில் உன் பெயரைப் போடு, என்றான். இனிமேல் நீதான் ஆர்க்கிடெக்ட்.

அந்த நாள்... அந்த நாளை நினைத்தால் இப்போதும் இந்தக் குழாய் டயர் சைக்கிள்கூடக் கொஞ்சம் இலேசாக ஓடுகிறது. நகல் துணியில் அந்தக் கட்டத்தின் எழுத்தை மனோகரனைத்தான் எழுதச் சொன்னார், பயலுக்குக் கை நல்ல கை, அதை மறுக்க முடியாது, ஆர்க்கிடெக்ட் பரஞ்சோதி என்று அச்சடித்தாற்போல் எழுதிக்கொண்டு வந்து மூலப்படத்தோடு சேர்த்து மேசையில் விரித்தான். ஹிராத்தா சன்னல் ஓரம் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். இவர் பேனாவைத் திறந்தார். அப்போது மனோகரன் குனிந்து, ரொம்பத் தாழ்ந்த குரலில், "அண்ணே, ஒரு தடவ கதவப் பாத்துட்டுப் போடுங்க" என்றான். பார்த்தீர்களா, வேறு எந்த நேரமும் கிடைக்கவில்லை, வாழ்க்கையில் ஒரே ஒரு கையெழுத்து, அதில் குற்றம் கண்டுபிடிக்க வந்துவிட்டான்! ராத்திரி வகுப்பில் ஜப்பான் பாஷை, நிப்பொங்கோ, படிக்கிறான், ஹிராத்தாவுக்குத் தேநீர் ஊற்றுகிறான், இப்போது அதிகாரி பார்க்க எனக்கே வேலை சொல்லித் தருகிறான். "எனக்கே கதவு காட்டுறியாடா? போயி ஒன் வேலையப் பாரு" என்றார். பயல் முகம் செத்துப்போனது. இவர் போட்டார், நீளமாக, வால் இழுத்து, கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் நீட்டியும் போட்டார்.

ஏழாவது மைல் தாண்டியதும் பின்சக்கரத்து டயர் கழன்றுகொண்டது, குழாய் பிதுங்கி வெளியே நாக்கைத் தள்ளியது. ஒரு ரப்பர் மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்தார். காக்கிச் சட்டைக்காரன் இவரைத் தாண்டி, பின்னால் ஒரு மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான், அட, கிழங்கு விற்கிறவன், இவர் பயந்த பயம் என்ன, அவன் பயந்திருப்பான் இவரைப் பார்த்து. குழாயைத் திணித்துக் கம்பியால் கட்டக் கால் மணிக்கு மேல் ஆயிற்று. கைக்கடிகாரத்தில் மூன்றரை. சரி, ஒரு தடவை பார்த்துக்கொள்வோம், அங்கே போய் எல்லோர் முன்னாலும் விரிக்கும்போது தடுமாறக் கூடாது, என்று படச் சுருளை அவிழ்த்தார். காலையில் ஆபீசில் மனோகரன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அலமாரியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தது, பிரித்தே பார்க்கவில்லை. மேலே நீல நகல், கீழே மூலப்படம். நகலில் கதவுக்கு வெளியே கொண்டி, துல்லியமாக, அளவோடு. திருட்டுப் பயல். இப்போது மூலப்படம்... இவருடைய பென்சில் கோடு, உள்தாழ்ப்பாள், இருக்கிறது, அதன் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி, வெளிப்புறத்தில் சிவப்பாக இரண்டு கொண்டி, ஒரு கட்டை. சிவப்புப் பென்சில் அந்த ஆபீசில் ஒரே ஆளிடம்தான் இருக்கிறது.

அப்படியானால் மனோகரன்... பரஞ்சோதி படத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சிவப்புக் கொண்டிக்கு நேரே, ஓரத்து வெள்ளையில், ஒரு பொடி வட்டம். பென்சிலில், அழுத்தாமல், தேடினால் மட்டும் தெரிகிற மாதிரி. இலாகாவில் கால் வைக்கிற ஒவ்வொரு டிரேசருக்கும் முதல் வாரம் சொல்லித்தருவது அது, வரைந்தவர் போட்டதில் சந்தேகம் வந்தால் நீயாகத் திருத்தாதே, வாயாலும் கேட்காதே, ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு வை, கையெழுத்துப் போடுகிறவர் வட்டத்தைப் பார்த்து, சரிசெய்து, அழித்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்க வேண்டும். வட்டம் அழியாமல் ஒரு படமும் வெளியே போகக் கூடாது. இந்த வட்டம் அழியாமல் இருந்தது. கீழே இன்னொன்று, ஒற்றைக் கதவுக்கு எதிரே. மேலே எட்டடிச் சன்னலுக்கு எதிரே இன்னொன்று. தரைப்படத்தில் கதவு லயத்தைப் பார்க்காமல் லோரி வந்து திரும்பும் சாலையைப் பார்த்துத் திருப்பப்பட்டிருந்தது, அங்கேயும் ஒன்று. நாலு வட்டம் போட்டிருக்கிறான் பயல். ஹிராத்தா சன்னல் ஓரம் நிற்க, வாயைத் திறந்தால் தலை போகும் என்று தெரிந்தும், வாயையும் திறந்திருக்கிறான். கதவப் பாத்துட்டுப் போடுங்க. இவர் எதைப் பார்த்தார்? நாலாவது கட்டத்தைப் பார்த்தார். வெள்ளைக்காரனாவது சாப்பாட்டு அவசரத்தில் பார்க்காமல் போட்டான், இவர்... பரஞ்சோதி விரலைக் கதவிலிருந்து லோரிச் சாலை வரை இழுத்தார். உள்ளே இருட்டு, கைக்கு எட்டாத சன்னல், ஒரே கதவு, வெளியே கட்டை, வாசலில் லோரி. இலவசப் படம். சயாமுக்குப் போனவனுங்க ஒருத்தனும் கடுதாசி போடலயே மச்சான். உலகத்தில் இருக்கிற எல்லோர் மேலேயும் சந்தேகப்பட்டார், கிழங்கு விற்கிறவன் மேல், கட்டின பெண்டாட்டி மேல், கடிகாரத்தின் மேல்கூட, தான் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் மேல் மட்டும் ஒரு பொட்டுச் சந்தேகம் வரவில்லை.

மிதித்தார். படச் சுருளைச் சரியாகக் கட்டினாரா இல்லையா, தெரியவில்லை, மிதித்தார். மருதம்மா, போகாதே, பேதி வரட்டும் உனக்கு, காய்ச்சல் வரட்டும், வீரசாமி உன் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தட்டும்... அவன் நிறுத்தத்தான் பார்த்தான், பயந்தாங்கொள்ளி என்றோமே அவனை. வாசுகிக்குப் பன்னிரண்டு வயசு. அவர்களுக்கு ஆம்பளை ஆள்தானே வேண்டும், பெண்பிள்ளைகளை விட்டுவிடுவார்கள், விடுவார்களா, எங்கே கேட்டோம் அப்படி? மரம் மரமாகப் பின்னால் போனது, ஒன்றும் நகர்ந்த மாதிரி இல்லை. குழாய் மறுபடி மறுபடி பிதுங்கியது, ஒவ்வொரு தடவையும் இறங்கித் திணித்துக் கட்டி ஏறுவதற்குள் பொழுது போய்க்கொண்டே இருந்தது. மூச்சு வாங்கியது, நாற்பது வயது ஆகப்போகிறது, கிழங்கு தின்கிற உடம்பு. போய் என்ன செய்வாய்? ஆர்க்கிடெக்ட் வந்திருக்கிறேன், கொண்டி தப்பு என்று சொல்வாயா? சிரிப்பார்கள். உன்னையும் உள்ளே தள்ளிக் கட்டையைப் போடுவார்கள், போடட்டும், அவளை வெளியே விட்டுவிட்டு என்னைப் போடட்டும்.

ஆற்றுப் பாலத்தின் முனையில் ஜப்பான் காவல்காரன் துப்பாக்கியோடு நின்றான். இறங்காமல் தாண்டினால் அங்கேயே முடிந்தது. பரஞ்சோதி இறங்கினார், சைக்கிளைக் கீழே கிடத்தினார், இடுப்பை மடித்துக் குனிந்தார், காவல்காரன் உறுமும் வரை நிமிரக் கூடாது, அதுதான் சட்டம். காவல்காரன் உறுமவில்லை. எதிர்ப்பக்கம், கோலா கெத்தில் பக்கமிருந்து, லோரிச் சத்தம் வந்தது. பாலத்துப் பலகை அதிர்ந்தது. குனிந்த கண்ணுக்குச் சக்கரம் மட்டும்தான் தெரிந்தது, இரட்டைச் சக்கரம், அமுங்கியிருக்கிறது, நல்ல பாரம், வில்லுத் தகடு நேராகிப் போயிருக்கிறது, பாரம் தெரியாதா இவருக்கு, முப்பது நாற்பது பேர் நின்றால்தான் அப்படி அமுங்கும். மேலே மூடிய கித்தானைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளேயிருந்து சத்தம், பேச்சா அழுகையா, எஞ்சின் இரைச்சலில் பிரியவில்லை. ஒன்று. இரண்டாவது. மூன்றாவதில் கித்தானுக்குக் கீழே ஒரு துணி நுனி தொங்கியது, மஞ்சளா, காவியா, புடவையா, துண்டா, பார்ப்பதற்குள் தாண்டிவிட்டது. நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் ஒன்றும் ஆகாது, செத்துப்போவாய், அவ்வளவுதான், நிமிரேன்... அவர் நிமிரவில்லை. வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தோடும் குனிந்தே நின்றார்.

பொறு, பொறு, மணி என்ன? குனிந்தபடியே மணிக்கட்டைத் திருப்பினார். ஐந்து ஆக ஐந்து நிமிஷம். அப்படியென்றால் நாலு மணிக்குக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள், தோக்கியோ நாலு மணி, சர்க்காருக்கு வேறு மணி கிடையாது. ஆனால் மருதம்மாள்? அவள்தான் பழைய மணிக்காரியாயிற்றே! லயத்தில் பாதிப் பேர் இன்னும் சூரியனைப் பார்த்துப் பழைய மணிதானே சொல்கிறார்கள், அவள் நாலு மணி என்றால் அது தோக்கியோவுக்கு ஐந்தரை, இப்போது அவளுக்கு மூன்றரைகூட ஆகவில்லை, வாசுகிக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பாள், வீரசாமி சட்டையைத் தேடிக்கொண்டிருப்பான், பழைய பெருமை பேசுகிறாள் என்றேனே, பேசடி, பேசு, என் தாயே, உன் பழைய பெருமையில் மண்ணள்ளிப் போட நான் யார்... பரஞ்சோதிக்குக் கண்ணில் நீர் முட்டியது, குனிந்த நிலையில் அது மூக்கு நுனிக்கு ஓடி மண்ணில் விழுந்தது. அவள் வீட்டில்தான் இருக்கிறாள். சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்ப்பாள், இன்னும் நேரம் இருக்கிறது என்று... சுவர்க் கடிகாரத்தை. நாற்காலி ஆடியது, வாசுகிதான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், மாமா விழுந்துறாதீங்க என்றாள், கண்ணாடிக் கதவைத் திறந்து பெரிய முள்ளை ஒன்றரைச் சுற்று சுற்றிவிட்டு, இனி இதை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கினார். அண்ணன் சொன்னால் அவள் தொட மாட்டாள். ஒரு நாளும் தொட்டிருக்க மாட்டாள். ஆனால் சாவி கொடுக்க மறப்பாளே, அடிக்கடி மறப்பாளே, மறந்திருந்தால் நின்றுபோயிருக்குமே, நின்றிருந்தால் சூரியனைப் பார்த்துப் பழைய மணிக்குத்தானே கிளம்புவாள், சித்திரையிலிருந்து எத்தனை வாரம்... நாலாவது லோரி பாலத்தில் ஏறியது, காவல்காரன் இன்னும் உறுமவில்லை.